பிள்ளையோடு ஒரு துபாய் ஏவாரம்

முதல் தடவை துபாய் போய்விட்டுத் திரும்பியபோது என் மகள் என்னிடம் வரவில்லை. அவளுக்கு அப்போது நாலு வயது. வாசலில் கார் நின்றதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள் என்று மதுரையிலிருந்து போடி வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தேன். அவளோ தன் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டி நிறையக் கொண்டுவந்த மிட்டாயைத் தொடவில்லை. அன்றைக்கு மட்டுமென்றால் பரவாயில்லை, வாரக்கணக்கில் அப்படியே இருந்தாள். சடை பின்ன வா என்றால், "அப்பா பின்னட்டும்" என்பாள். மலையில் ஏலக்காய்த் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற மனிதருக்கு எங்கே சடை பின்னத் தெரியும்? பிள்ளை கோணல் வகிடோடு பள்ளிக்கூடம் போனாள்.

எங்கள் குடும்பத்துக்கு ஏலக்காய்தான் சோறு. போடி ஏலக்கூடத்தில் காயை ஏலம் எடுத்து, தரம் பிரித்து, அரபு நாட்டுக்கு அனுப்புவது மாமனார் காலத்திலிருந்து நடக்கிற வியாபாரம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை அங்கே போய் நேரில் உட்கார்ந்து விலை பேச வேண்டும். மாமனாருக்கு முட்டி தேய்ந்து நடமாட்டம் குறைந்ததும் அந்தச் சோலி என் தலையில் விழுந்தது. விழுந்தது என்கிறேனே தவிர, எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. விலை பேசுவதென்றால் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. அதை விடவும் மனசில்லை, பிள்ளை என்னைவிட்டு விலகுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் தெம்பில்லை.

அடுத்த பயணம் வந்தபோது ஒரே பிடியாக நின்றேன். பிள்ளையும் வருவாள். கூடவே கூட்டிப்போயும் அவள் என்னிடம் ஒட்டவில்லை என்றால், இந்த வெளிநாட்டுச் சோலியையே தலைமுழுகிவிட்டு வீட்டோடு இருந்துவிடுவது. வீட்டுக்காரரிடம் மட்டும் இதைச் சொன்னேன். அவர், "மொதல்ல போய்ட்டு வா, பெறகு பாப்போம்" என்றார்.

மாமனார்தான் குதித்தார்.

"ஏத்தா, ஏவாரத்துக்குப் போறியா, பிள்ளைக்கு வேடிக்கை காட்டப் போறியா?"

"ரெண்டுக்குந்தான் மாமா."

"பச்சப் பிள்ளைய மடில வச்சுக்கிட்டு எப்பிடி வெல பேசுவ?"

"நீங்க முட்டி வலிய வச்சுக்கிட்டுப் பேசலையா?"

என்னை ஒரு முறை முறைத்துவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார். அதுதான் அவருடைய சம்மதம்.

முதல் தடவை துபாயில் என் சித்தி மகள் வீட்டில் தங்கினேன். அவள் குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பிவிட்டதால் இந்தத் தடவை ஓட்டல் ரூம். ரூமுக்குள் நுழைந்ததும் என் மகள் ஒரு காரியம் செய்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே போய் அலமாரியைத் திறந்து பார்த்தாள். பிறகு குளியலறை. பிறகு குனிந்து கட்டிலுக்கு அடியில். திரைச்சீலையையும் விடவில்லை.

"என்னடி தேடுற?"

"ஒண்ணுமில்ல."

புது இடம், பிள்ளை வேடிக்கை பார்க்கிறாள் என்று விட்டுவிட்டேன். ராத்திரி சோறு ஊட்டினேன், வாங்கிக்கொண்டாள். கதை சொன்னேன், கேட்டுக்கொண்டாள். ஆனால் படுக்கும்போது கட்டிலின் அந்த ஓரத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். விமானத்திலேயே மடியில் உட்காராத பிள்ளை இங்கே மட்டும் வந்துவிடுவாளா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் காய் வாங்குகிற கம்பெனிக்குப் போனோம். மேனேஜர் ஒரு மலையாளி. எங்கள் மலையின் அந்தப் பக்கம் கேரளம் என்பதால் அவர் பாஷை எனக்குப் பழக்கம்தான். "இரிக்கூ, இரிக்கூ" என்று நாற்காலியைக் காட்டியவர், பிள்ளையைப் பார்த்ததும் லேசாக முகம் சுளித்தார். இங்கேயும் சோபாவுக்குப் பின்னால், கதவுக்குப் பின்னால் என்று அவள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சும்மா உக்காரு" என்று ஒரு அதட்டுப் போட்டு உட்காரவைத்தேன். கண்ணாடி மேஜையில் வெள்ளைத் தட்டுகளில் சாம்பிள் காய் இருந்தது. ஒன்று எங்களுடையது, மற்றவை வேறு வேறு ஊர்க் காய்.

போடி ஏலக்கூடத்தைப் பார்க்காதவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அங்கே வியாபாரிகள் சாம்பிள் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டுவோம். நிறம் பார்ப்போம், கையில் தேய்த்து மோந்து பார்ப்போம். பார்த்து முடித்ததும் அப்படியே தரையில் வீசிவிடுவோம், திரும்பப் பொட்டலத்தில் போடுகிற வழக்கமே கிடையாது. ஏலம் முடிகிற நேரத்துக்குத் தரை முழுக்கப் பச்சையாகக் கிடக்கும், நடந்தால் காலடியில் நொறுநொறுவென்று இருக்கும். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நான் மகளை அங்கே கூட்டிப்போவது உண்டு.

மேனேஜர் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார், நான் பையிலிருந்து காகிதத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த இடைவெளியில் என் மகள் எழுந்து தட்டிலிருந்து ஒரு கை அள்ளினாள். பெரிய வியாபாரி மாதிரி உள்ளங்கையில் உருட்டினாள், மோந்தாள், கம்பளத்தில் வீசினாள். அடுத்த தட்டு. அதற்கடுத்தது. கடைசியில் எங்கள் காயையும் அள்ளி வீசினாள்.

"அய்யோ மோளே, எந்தா இது!" என்று மேனேஜர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. "ஏண்டி, ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? இது என்ன நம்ம ஏலக்கூடமா?" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"நீயும் இப்பிடித்தான போடுவ!" என்றாள் அவள். அழுகிற பிள்ளையா அது? முறைக்கிறாள்!

நான் மண்டியிட்டுக் காயைப் பொறுக்க ஆரம்பித்தேன். பொறுக்கிக்கொண்டே எங்கள் ஊர் வழக்கத்தை விளக்கினேன். பிள்ளையின் சேட்டையில் மயங்கி மேனேஜர் விலையைக் கூட்டிக் கொடுத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சிரிப்புகூட இல்லை. ஆளை விட்டுக் கம்பளத்தைக் கூட்டச் சொன்னார், புதிதாகச் சாம்பிள் வரவழைத்தார், எப்போதும் போல விலையைப் போட்டு அமுக்கினார். நானும் விடவில்லை. ரெண்டு பேரும் தொண்டை காயப் பேசி, பாதிவழியில் வந்து நின்று, ஆர்டரை முடித்தோம். அவ்வளவு நேரமும் மகள் என் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து லிப்டுக்காக நிற்கும்போது முந்தானையை இழுத்தாள்.

"அம்மா, பாப்பா எங்க?"

"எந்தப் பாப்பா?"

"நீ இங்கன வந்து பாத்துக்கிற பாப்பா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. போன தடவை போனில் வீடியோ போட்டு இவளோடு பேசும்போது சித்தி மகளின் கைக்குழந்தை என் மடியில் இருந்தது. இவள் அதைப் பார்த்திருக்கிறாள். இவளை விட்டுவிட்டு இன்னொரு பிள்ளையை வளர்க்க நான் துபாய்க்கு வந்திருக்கிறேன் என்று இத்தனை மாதமும் அந்தச் சின்ன நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அலமாரியில் தேடியது அதைத்தான். லிப்டு வந்து திறந்து மூடிப் போயிற்று. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அது ஒஞ் சித்தி பிள்ளைடா தங்கம். கொஞ்ச நேரம் தூக்கி வச்சிருந்தேன். எனக்கு நீ ஒருத்திதான் பிள்ளை."

"அப்ப இங்கன எதுக்கு வந்த?"

"இதுக்குத்தான். காய் விக்க."

"வெறும் சோலிதானா?"

"வெறும் சோலிதான் ஆத்தா."

"இதுக்கா இம்புட்டுத் தூரம்?" என்று கேட்டுவிட்டு, என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தேன். அந்தக் கனம் என் மடிக்கு வந்து எத்தனை நாளாயிற்று!

அடுத்த பயணத்துக்குத் தேதி குறித்தபோது மாமனாரே கேட்டார், பிள்ளைக்கும் டிக்கெட் போட்டாச்சா என்று. நான் மகளிடம் கேட்டேன்.

"நான் வரல. அங்கன ஒண்ணுமே இல்ல, சோலிதான் இருக்கு. நீ போய்ட்டு வெரசா வா."

கிளம்புகிற அன்று அவளுக்குப் பள்ளிக்கூட வேன் முதலில் வந்துவிட்டது. பையை மாட்டிக்கொண்டு ஏறினாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அம்மா, வெலய விட்றாத!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த பிள்ளையோடு பேசப் போய்விட்டாள்.

கார் தேனியைத் தாண்டும்போது மலையிலிருந்து வீட்டுக்காரர் போன் போட்டார். நான் ஹலோ சொல்வதற்குள், "என்ன அழுக சத்தம் கேக்குது? பிள்ள விட மாட்டேங்கிறாளா?" என்று பதறினார்.

"அவ அப்பவே பள்ளிக்கூடம் போய்ட்டா. அழுகுறது நானு."