நான் லீட் கிடாரிஸ்டாக இருந்த நான்கு மாதங்கள்

அறுபதுகளின் நடுவில் நான்கு மாதங்கள் நான் பெங்களூரில் ஒரு பேண்டில் லீட் கிடாரிஸ்டாக இருந்தேன். வாசிக்கத் தெரிந்ததால் அல்ல. நான்கு பேரில் எலெக்ட்ரிக் கிடார் என்னிடம் மட்டும்தான் இருந்தது. கப்பலில் எலெக்ட்ரீஷியனாக இருந்த தாய்மாமா ஜப்பானிலிருந்து கொண்டுவந்தது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கான மலிவுச் சரக்கு என்று அவரே சொல்லித்தான் கொடுத்தார். அதன் சிவப்புப் பெயிண்டைப் பார்த்த பிறகு அந்தச் செய்தி யார் காதிலும் ஏறவில்லை.

மற்ற மூவரும் ரிச்சர்ட்ஸ் டவுன் தமிழ்க் கிறிஸ்தவர்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் பாடகன் வீட்டு முன்னறையில் ஒத்திகை. நான் ஊரின் மறுகோடியில் ஆடுகோடியிலிருந்து கிடாரை முதுகில் கட்டிக்கொண்டு சைக்கிளில் போவேன். ஆம்ப்ளிஃபயர் கிடையாது. அவர்கள் வீட்டு வால்வு ரேடியோவின் பின்னால் கிராமபோனுக்கென்று இருந்த துளையில் ஒயரைச் செருகுவோம். பாடகனின் அப்பா செய்தி கேட்க வழியில்லாமல் ரோஜாச் செடிகளுக்கு நடுவே உலாவிக்கொண்டிருப்பார்.

கிடாரில் ட்ரெமலோ லீவர் இருந்தது. தந்திகள் முடியும் உலோகப் பலகையில் பொருத்திய ஒரு வளைந்த கம்பி. அமுக்கினால் சுருதி வழுக்கிக்கொண்டு இறங்கும், விட்டால் ஏறிவரும். ஒரே ஒரு சுரத்தை மீட்டிவிட்டு லீவரை ஆட்டத் தெரிந்தவன் அந்த நாளில் பாதிக் கலைஞன். என் கிடாரில் இறங்கிய சுருதி திரும்பி வராது. ஒரு தந்தியைச் சரிசெய்தால் மற்ற ஐந்தும் தளரும். ஆறாவதை முடிப்பதற்குள் முதலாவது காலை வாரிவிட்டிருக்கும்.

இதில் எனக்கு ஒரு வசதி இருந்தது, அது அப்போது தெரியவில்லை. நான் எதை வாசித்தாலும் அபசுரமாகத்தான் கேட்டது, பழி முழுக்கக் கிடார் தலையில் விழுந்தது. “பாவம் பா, கிடாரு சரியில்ல. சரியா இருந்தா பின்னிடுவான்” என்பான் டிரம்ஸ் அடிப்பவன். அவனைவிட நான் அதை உறுதியாக நம்பினேன். கிறிஸ்துமஸுக்கு முன் சர்ச்சின் பங்கு மண்டபத்தில் பாட்டும் நடனமுமாக ஒரு சோஷியல் நடக்கும். அதில் மேடையேறி மூன்று பாட்டுக்கு லீட் வாசிக்க வேண்டும். அந்த வயதில் எனக்கு வேறு பெரிய லட்சியம் இருந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

நான் ஒரு தொழிற்சாலையில் டூல்ரூம் ஃபிட்டர். எங்கள் டூல்ரூமில் ஆட்டம் என்பது மகாபாவம். எது ஆடினாலும் இறுக்கு, இறுக்கியும் ஆடினால் தகடு வை. அதைத்தான் செய்தேன். கிடாரின் பின்மூடியைத் திறந்து, பலகையைப் பிடித்து இழுக்கும் மூன்று ஸ்பிரிங்குகளையும் திருகு நிற்கும் வரை இறுக்கினேன். அடுத்த ஞாயிறு பெருமையாக நீட்டினேன்.

“இனிமே அசையாது.”

பாடகன் லீவரை அமுக்கிப் பார்த்தான். பிறகு எழுந்து நின்று அமுக்கினான். “அசையறதுக்குத்தானே மேன் இத வெச்சிருக்கான்?” என்றான்.

அதன் பிறகு மூன்று ஞாயிறுகள் அதோடு மல்லுக்கட்டினேன். தந்திகள் பலகையை முன்னால் இழுக்கின்றன, ஸ்பிரிங்குகள் பின்னால் இழுக்கின்றன, இரண்டும் சமமாக இருந்தால்தான் சுருதி நிற்கும் என்பது மெல்ல மண்டையில் ஏறியது. தேக்கில் ஒரு ஆப்பு செதுக்கி, பலகை சாயாதபடி பின்பக்கக் குழியில் முட்டுக்கொடுத்தேன். ஆறு தந்திக்கும் சுருதி சேர்த்தேன். ஆப்பு தாங்கியதால் ஒன்று மற்றதைக் கெடுக்கவில்லை. பிறகு ஸ்பிரிங் திருகுகளைக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கினேன். ஒரு கட்டத்தில் ஆப்பு தானே நழுவி விழுந்தது. லீவரை அமுக்கி விட்டேன். சுருதி இறங்கி, ஏறி, இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

அந்த ஞாயிறு நான் வாசித்தேன். தப்பு ஒவ்வொன்றும் சுத்தமான சுருதியில் கணீரென்று கேட்டது. இரண்டாவது பாட்டில் பாடகன் பாடுவதை நிறுத்திவிட்டான். ஓட்டைப் பெட்டிக் கிடாரில் தாளம் மட்டும் போட்டுவந்த நான்காமவன், அதிகம் பேசாதவன், “கொஞ்சம் குடு” என்று வாங்கி அதே பாட்டை வாசித்தான். யாரும் என்னைப் பார்க்கவில்லை. மூவரும் ரேடியோவைப் பார்த்தார்கள்.

பாடகனின் அப்பா தோட்டத்திலிருந்து உள்ளே வந்தார். “இப்பதான்யா பாட்டு மாதிரி இருக்கு. இத்தன நாளா ரேடியோதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்” என்றார்.

“சோஷியலுக்கு மட்டும் இவன் லீட் வாசிக்கட்டும் மேன், நீ டெக்னிக்கல் சைடு பாத்துக்கோ” என்றான் பாடகன். டெக்னிக்கல் சைடு என்றால் ஒயர் சுற்றுவது. கிடார் என்னுடையது, எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போனால் பொறாமைக்காரன் என்பார்கள். பொறாமை நிறையவே இருந்தது, அந்தப் பெயர்தான் வேண்டாமென்று இருந்தது.

சோஷியலன்று மாலை நான்கு மணிக்கு, மண்டபத்தின் பின்னால் நாற்காலிகள் அடுக்கிய அறையில் நானும் கிடாரும் தனியாக இருந்தோம். பின்மூடியைத் திறந்தேன். ஸ்பிரிங் திருகுகளை இரண்டு சுற்று தளர்த்தினேன். பலகை முன்னால் சாய்ந்தது. மூடியைப் போட்டுத் துடைத்து வைத்தேன். குற்ற உணர்வா? துளியும் இல்லை, குளுகுளுவென்று இருந்தது.

நான்காமவன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தான். உள்ளங்கை வியர்வையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு தந்திகளை ஒருமுறை மீட்டினான். முகம் வெளுத்துவிட்டது. என்மேல் சந்தேகப்படும் அளவுக்குக்கூட அவனுக்குச் சூது தெரியாது. கிடாரை அப்படியே என்னிடம் நீட்டினான்.

“இன்னாவோ ஆயிடுச்சு பா. வெளிய எல்லாரும் வந்துட்டாங்க. எங்கம்மாகூட வந்திருக்காங்க. நீ கொஞ்சம் பாரேன். உன் கை பட்டா சரியாயிடும்.”

கிடார் வந்த நாளிலிருந்து என் கையைப் பற்றி யாராவது இப்படி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியவன் நான். வெட்கத்தில் காது சுட்டது. மூடியைத் திறந்து இரண்டு சுற்று இறுக்கினேன். எத்தனை சுற்று என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அவன் மீட்டிப் பார்த்தான். என் தோளைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை தேங்க்ஸ் சொன்னான். மூன்று முறையும் “பரவால்ல பா” என்று பெருந்தன்மையாக வாங்கிக்கொண்டேன்.