அடுப்புச் சுவரோரம் ஒரு பெட்டூனியா

நாற்றுப் பண்ணைக்காரிக்கு வாய் அதிகம், பயமும் அதிகம். நாற்பதைத் தாண்டிக் கல்யாணமா என்று தெருவே சிரிக்குமே என்ற பயம். பக்கத்து ரொட்டிக்கடைக்காரரைப் பிடிக்காமல் இல்லை, பிடித்துத் தொலைத்ததுதான் பிரச்சினையே! அவர் மாவு ஒட்டிய கையோடு வந்து, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமாங்க?" என்று கேட்டதும் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. எதிரிலிருந்த பெட்டூனியாத் தொட்டியைத் தூக்கி அவர் கையில் திணித்தாள்.

"இது பூக்கட்டும். அன்னிக்குப் பதில் சொல்றேன்."

அப்போதுதான் குளிர் தொடங்கியிருந்தது. குளிரில் அந்தச் செடி குட்டையாக உட்கார்ந்தேயிருக்கும், வெயில் வந்தால்தான் மொட்டு விடும். மாதக்கணக்கில் தப்பித்தாயிற்று! அன்று தங்கையிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"உனக்குக் கொழுப்புக்கா," என்றாள் தங்கை.

ஆனால் மகராசி ஒன்றை மறந்துவிட்டாள். தொட்டி போனது ரொட்டிக்கடைக்கு! செடி குளிரில் வாடிவிடுமே என்று அந்த மனுஷன் அதை அடுப்புச் சுவரை ஒட்டிய ஜன்னலில் வைத்துவிட்டார். நல்ல வெளிச்சம், நாள் முழுக்கக் கதகதப்பு. செடிக்கு என்ன, காலண்டரா தெரியும்? கோடை வந்துவிட்டதென்று தண்டு கிடுகிடுவென நீண்டது. சூட்டுக்குக் காற்று வாங்க இலைகள் நிமிர்ந்துகொண்டன.

ஒருநாள் காலையில் ரொட்டிக்கடைக்காரர் தொட்டியோடு ஓடிவந்தார். "ஏங்க, செடியைக் கெடுத்துட்டேங்க! ஒல்லியா எங்கயோ போயிட்டிருக்கு. இலையெல்லாம் கையைத் தூக்கிட்டு நிக்குது!"

அவள் பார்த்தாள். உச்சியில் ஊதா நிறத்தில் ஒரு பூ, அவர் பதற்றத்தில் கண்டுகொள்ளாத பூ, முழுசாக விரிந்திருந்தது. ஐயோ! வருகிறவர்களிடமெல்லாம், "சூட்டுக்கிட்ட வைக்காதீங்க, நெட்டையா ஓடிடும்" என்று ஓதுகிறவள் அவள்.

"கெடலைங்க," என்றாள். "சூடு பட்டா இப்படித்தான் நீளும், சீக்கிரமே பூத்துடும். கோடைன்னு நெனச்சு ஏமாந்துடுச்சு."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப இது கணக்குல வராதுங்க. நான் ஏமாத்துன மாதிரி ஆயிடும். நிஜக் கோடை வரட்டும், காத்திருக்கேன்."

தப்பிக்க வழி தானாகவே திறந்தது. அவளுக்கோ, இப்படியும் ஒரு நேர்மையான மனுஷனா என்று சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பயம் போன இடம் தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

"கோடை வரைக்கும் யாருங்க காத்திருப்பா? இந்த வாரமே வச்சுக்கலாம்!"

கடையில் ரொட்டி கருகும் வாசனை தெருவரைக்கும் வந்தது. இரண்டு பேருமே கண்டுகொள்ளவில்லை.