நாற்காலிகள் எரிந்த ஐப்பசி

மலையில் வீட்டைத் தின்பது கறையான் இல்லை, ஈரம். வத்தலக்குண்டுக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், அவர்களுக்கு வெயில்தான் எதிரி. கொடைக்கானலில் ஒரு வீட்டைப் பூட்டிவிட்டு ஒரே ஒரு மழைக்காலம் அடுப்பு மூட்டாமல் விட்டுப் பாருங்கள். சுவரில் பச்சை ஏறும். கதவு ஊதிக்கொண்டு திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கூரைச் சட்டத்தில் விரலை வைத்து அழுத்தினால் ஊறின பிண்ணாக்கு மாதிரி உள்ளே போகும். "ஆள் போன வீட்டுல மேகம் குடி வரும்" என்று எங்கள் பக்கத்துக் கிழவர் ஒருவர் சொல்வார். அது எவ்வளவு மெய் என்பதை, நான் சப்ளையராக வேலை பார்த்த ஸ்டேக் ஹவுஸ்தான் எனக்குக் காட்டியது.

ஏரியை விட்டு மேலே ஏறும் சாலையில், ஒரு வளைவு தாண்டி இருந்தது கடை. தகரக் கூரை, அதற்கு அடியில் மரப்பலகை, ஹாலில் ஒரு பெரிய ஃபயர்ப்ளேஸ், சமையற்கட்டில் ஆள் உயரத்துக்கு விறகடுப்பு. இரும்புத் தட்டை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, மரப்பலகைமேல் உட்காரவைத்து, அதில் அண்டர்கட் என்கிற மெத்தென்ற மாட்டுக்கறியைப் போட்டு, தாண்டிக்குடி மிளகை இடித்துச் செய்த சாஸை ஊற்றினால் சளசளவென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடுதான் நான் ஹாலுக்குள் நடப்பேன். எல்லாத் தலையும் திரும்பும். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு வரவேற்பு கிடைத்திருக்காது, சும்மா சொல்லக்கூடாது.

டூரிஸ்டுகள் வருவார்கள், ஸ்கூல் டீச்சர்கள் வருவார்கள். ஆனால் கடைக்குக் களை வந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வரும் எங்கள் ஊர்க்காரர்களால்தான். காய்கறி மண்டிக்காரர் ஒருவர் முதல்முறை வந்தபோது, வெள்ளைக்காரர் சாப்பிடுகிற மாதிரியே வேண்டும் என்று கேட்டார். கத்தியை வைத்ததும் உள்ளே சிவப்பாக இருந்தது.

"ஏலே, இந்த மாட்டுக்கு இன்னும் உசுரு கெடக்குடா. டாக்டரைக் கூப்புடு!"

சமையற்கட்டிலிருந்து மாஸ்டர் குரல் வந்தது: "டாக்டர் வந்தா அவரும் ஒரு பிளேட் கேப்பாரு. பரவால்லைங்களா?"

தை மாதம் பழநிக்கு மாலை போட்டவர்கள் கறி தொட மாட்டார்கள். ஆனாலும் பழக்கம் விடாது. பச்சை வேட்டியோடு வந்து, ஃபயர்ப்ளேஸ் பக்கத்தில் உட்கார்ந்து, கறுப்புக் காப்பி ஒன்று சொல்லிவிட்டு, அடுத்த மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "என்னங்க, விரதம் எப்படிப் போகுது?" என்று நான் கேட்டால், "மாலை போட்டது கழுத்துலப்பா, மூக்குல இல்ல" என்பார் ஒருவர். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்கு எத்தனை காப்பி வேண்டுமானாலும் ஊற்றலாம்.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் லயம் என்கிற கூலியாட்கள் வரிசைவீட்டில் பிறந்து, சின்ன வயசில் அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவர். தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திக் கணக்கெடுப்பதைப் பெரட்டு என்பார்கள். மாஸ்டருக்குக் கடைக்கு வருவதும் பெரட்டுக்கு வருவதுதான். "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று சொல்லி, வெள்ளனே வந்து அடுப்பை மூட்டிவிடுவார். மனைவி இறந்த பிறகு மகன் வீட்டில் இருந்தார். மருமகள் நல்ல பெண்தான், ஒரு குறையும் வைக்காது. ஒருநாள் அதைச் சொல்லி நான் அவரைக் கிண்டல் செய்தபோது, "அதான்டா கஷ்டமே" என்றார். "அங்க நான் சோறு திங்கிற ஆளு. இங்க வந்தாத்தான் சோறு போடுற ஆளு."

கொரோனா வந்தது, கடையை அடைத்தோம். அந்த இரண்டாவது அலையில் முதலாளி போய்ச் சேர்ந்தார். முகத்தைக்கூட எங்களுக்குக் காட்டவில்லை. ஊர் மறுபடி திறந்தது, ஹோட்டல்கள் திறந்தன, எங்கள் கடை மட்டும் திறக்கவில்லை. நான் ஒரு டூரிஸ்ட் ஜீப் ஓட்டப் போய்விட்டேன். முதலாளியின் ஒரே மகள் பெங்களூரில் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு நரை விழுந்துவிட்டது, ஆனாலும் எங்களுக்குப் பாப்பாதான்.

புரட்டாசி முடியும் சமயம் பாப்பா மாஸ்டருக்குப் போன் செய்தது. நானும் பக்கத்தில் இருந்தேன், ஸ்பீக்கரில் கேட்டேன்.

"மாஸ்டர் அங்கிள், கிறிஸ்துமஸ் லீவுக்கு வர்றேன். பில்டிங் நிக்கிற நிலைமையில இருந்தா நாமளே திறக்கலாம்னு பாக்குறேன். விழுந்துரும்னா வேற வழியில்ல, குடுத்துரணும்."

"விழாது பாப்பா" என்றார் மாஸ்டர். "நான் பாத்துக்கிறேன். நீங்க வாங்க."

சாவி அவரிடம்தான் இருந்தது, அதுவரைக்கும் அவ்வப்போது போய் அடுப்பு மூட்டிவிட்டு வந்துகொண்டிருந்தார். போன் வந்த மறுநாளிலிருந்து தினமும் பெரட்டுதான். அடுப்பும் ஃபயர்ப்ளேஸும் மூட்டி, ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து வைத்து, சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல இருக்கும் பார்க்க. ஜீப்பில் விறகு கொண்டுபோய்ப் போடுவது என் சோலி. சவாரி முடிந்ததும் போவேன், ஆளுக்கொரு டீ போட்டுக்கொண்டு, யாருமில்லாத ஹாலில் கால் நீட்டி உட்காருவோம். திறந்தால் முதல் நாள் யார் யாரைக் கூப்பிடுவது என்று பேசுவோம். மண்டிக்காரருக்கு நன்றாக வேகவைத்துக் கொடுக்க வேண்டும் என்பதுவரை முடிவாகிவிட்டது.

பிறகு ஐப்பசி வந்தது. அடைமழை என்றால் அப்படி ஒரு அடைமழை. பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்து, மரம் விழுந்து, ரோடு அடைபட்டுப்போனது. நான் வத்தலக்குண்டு பக்கம் மாட்டிக்கொண்டேன். ரோடு திறந்து மேலே வந்து விறகுக் கடைக்குப் போனால், இருந்ததெல்லாம் தண்ணீர் குடித்துக் கிடந்தது. காட்டுக்குள் போய்ப் பொறுக்கினால் ஃபாரஸ்ட் கார்டு பிடிப்பார். கிடைத்த ஈர விறகை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். புகைக்கூண்டில் புகை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஆச்சரியம். அவருக்கு எங்கிருந்து காய்ந்த விறகு?

உள்ளே போனேன். மாஸ்டர் ஒரு நாற்காலியின் காலை முழங்காலில் வைத்து முறித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர்! என்ன பண்றீங்க?"

"கால் ஆடுற நாற்காலிடா. யாரும் உக்கார மாட்டாங்க."

"சரி, அந்தப் பக்கம் இருந்ததெல்லாம்?"

"அதுவும் ஆடுச்சு."

தட்டு வைக்கும் மரப்பலகைகள் எல்லாம் போயிருந்தன. சுவர் ஓரத்து மேசைகளும் போயிருந்தன. "கடையைக் காப்பாத்துறேன்னு கடையையே எரிக்கிறீங்களே" என்றேன்.

"கூரைதான்டா கடை. மேசையை நாளைக்குச் செய்யலாம். கூரை விழுந்தா நீயா தூக்கி வெப்ப?"

அப்போது எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பாப்பா என்ன சொன்னது? பில்டிங் நின்றால் திறப்போம் என்றுதானே சொன்னது. மேசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. வெளியே மேகம் ஜன்னலில் முகத்தை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. நானும் ஒரு நாற்காலியை எடுத்தேன். வருடக்கணக்காக மெழுகு போட்டுத் துடைத்த மரம், பிடித்ததென்றால் அப்படிப் பிடித்தது. சுவர் அன்றைக்குக் கதகதவென்று இருந்தது. ஈர விறகை ஃபயர்ப்ளேஸ் பக்கத்தில் அடுக்கிக் காயவைத்தோம், அது காய்கிற வேகத்துக்கு மழை விடவில்லை. கார்த்திகை முடிவதற்குள் ஹாலில் மிஞ்சியது முதலாளி உட்காரும் ஜன்னலோர மேசையும் இரண்டு நாற்காலியும்தான். அதில் கைவைக்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை.

பாப்பா வந்தது. கூட வீட்டுக்காரரும், கட்டடம் பார்க்க ஒரு இன்ஜினீயரும். மாஸ்டர் வெள்ளைச் சட்டை போட்டு, கறி வரவழைத்து, அடுப்பு முன்னால் தயாராக நின்றார். இன்ஜினீயர் சுவரைத் தட்டினார், சட்டத்தைக் குத்தினார், கூரை மேல் ஆள் ஏற்றினார்.

"பரவால்லையே. இந்த ஏரியாவுல பூட்டிக் கெடந்த பில்டிங்ல இவ்வளவு நல்லா நிக்கிறது இது ஒண்ணுதான்" என்றார்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு சந்தோஷம்.

பாப்பா ஹாலின் நடுவில் நின்று என் பக்கம் திரும்பியது. "அண்ணா, டேபிள் எல்லாம் எங்க? குடோன்ல வெச்சிருக்கீங்களா?"

மாஸ்டர்தான் முந்திக்கொண்டு சொன்னார். மழை, விறகு, கூரை எல்லாவற்றையும் சொன்னார், ஒளிக்காமல். பாப்பா கோபப்படும் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. ஃபயர்ப்ளேஸைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, போய் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தது.

மாஸ்டர் சமைத்தார். நான் கொண்டுபோய் வைத்தேன். அடியில் வைக்கப் பலகை இல்லாததால் கோணியை நாலாக மடித்து வைத்தோம். அந்தச் சளசளச் சத்தம் காலி ஹாலில் எதிரொலித்தது, கேட்கச் சகிக்கவில்லை. பாப்பா ஒரு துண்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டது. பிறகு மாஸ்டரை உள்ளேயிருந்து கூப்பிட்டு, எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னது. அவர் உட்காரவில்லை.

"அங்கிள், உங்க கை அப்படியே இருக்கு. என் மனசுதான் இல்ல. வர்ற வழியெல்லாம் திறந்துரலாம்னுதான் நெனச்சேன். உள்ள வந்து இந்தக் காலி ஹாலைப் பாத்ததும், எல்லாத்தையும் முதல்லேர்ந்து தொடங்கணும்னு தெரிஞ்சுபோச்சு. என்னால ஆகாது."

"டேபிள் இருந்திருந்தா பாப்பா?"

"தெரியல அங்கிள். இருந்திருந்தாலும் இதேதான் சொல்லியிருப்பேனோ என்னமோ."

"சொட்டு ஒழுகல பாப்பா. நல்ல கட்டடம்."

"ஆமா" என்றது பாப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நல்லா இருக்குன்னுதான் வாங்கறவங்க உடனே குடுங்கன்னு நிக்கிறாங்க."

நாங்கள் மழையோடு மல்லுக்கட்டிக் காப்பாற்றியது யாரோ ஒருவருக்காக என்று அப்போது புரிந்தது. வாங்கியவர் வந்து புதுப் பூட்டுப் போட்டார். ரிசார்ட் கட்டப் போவதாகச் சொன்னார்கள். அனுமதி கிடைக்கவில்லை என்றார்கள். அப்புறம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பு மூட்டாத அடுத்த மழைக்கே சுவரில் பச்சை ஏறிவிட்டது. அதற்கடுத்த மழையில் ஜன்னல் சட்டங்கள் உதிர்ந்தன. ஹாலுக்குள் செடி முளைத்து, ஃபயர்ப்ளேஸ் வாய் வரைக்கும் வளர்ந்தது. சவாரி போகும்போது நான் அந்த வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டே வேகமாகப் போய்விடுவேன். மாஸ்டர் அந்தப் பக்கமே வருவதில்லை. மகன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் "சாப்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஊரில் எல்லோரும் கேட்பதுதான். ஆனால் அவர் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பார்.

போன மழையில் சமையற்கட்டுக் கூரை விழுந்தது. யாராவது சொல்லித் தெரிவதைவிட நானே சொல்வது நல்லது என்று போனேன். கேட்டுவிட்டு வாசற்படியிலிருந்து எழுந்தார். "அடுப்பு?" என்றார். "நிக்குது மாஸ்டர்." "கூட்டிட்டுப் போ."

ஜீப்பில் கூட்டிப்போனேன். கேட் கம்பி வழியாகப் பார்த்தோம். கூரை இருந்த இடத்தில் வானம் இருந்தது. தூறல் நேராக அடுப்பின்மேல் விழுந்துகொண்டிருந்தது. அடுப்பு வாயில் தண்ணீர் தேங்கி நின்றது. மாஸ்டர் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

பின்னால் ஒரு கார் வந்து நின்றது. வெளியூர்க் குடும்பம். கண்ணாடியை இறக்கி அந்த அம்மா கேட்டார்: "பெரியவரே, போன்ல இங்க ஏதோ ஸ்டேக் ஹவுஸ்னு காட்டுது. எங்கங்க இருக்கு?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். மாஸ்டர் கையால் தடுத்தார். கேட்டுக்கு முதுகைக் காட்டி, அவர்களுக்கு உள்ளே தெரியாதபடி நின்றுகொண்டார்.

"அது இல்லைங்க இப்ப. கீழ பஸ் ஸ்டாண்டு பக்கம் போங்க, பிரியாணி சூடாக் கெடைக்கும்" என்றார். காருக்குள் குனிந்து பார்த்தார். "புள்ளைங்களுக்குப் பசி வந்துருச்சு போல. வெரசாப் போங்க."

கார் திரும்பிக் கீழே இறங்கியது. வளைவில் மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.