குமரவேலைக் கேட்காமல் ஒட்டிய லைசென்ஸ்

2009. சிதம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே பம்பை அடிகளைப் பதிவு செய்து சேர்த்த ஒரு தாள சாஃப்ட்வேர் எழுதியிருந்தேன். ஓப்பன் சோர்ஸ். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். இலவசமாகக் கிடைக்கும் ஒரு லினக்ஸ் சாஃப்ட்வேர் தொகுப்பில் அதைச் சேர்ப்பதாக இருந்தார்கள். அவர்களிடமிருந்து ஒரு காலை மெயில் வந்தது. புரோகிராமின் லைசென்ஸ் சரி, உள்ளே இருக்கும் பம்பை ஒலிகளுக்கு வாசித்தவரின் அனுமதிக் கடிதம் எங்கே? வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் சேர்க்க மாட்டோம்.

வாசித்தவன் குமரவேல், என்னோடு ஐடிஐ படித்தவன். கடலூர் முதுநகரில் போட் இன்ஜின் மெக்கானிக். கோயில் திருவிழாக்களில் பம்பை அடிப்பான். பதிவு செய்த அன்று, "பசங்க கத்துக்கத்தான் மச்சான், எவனும் விக்க மாட்டான்" என்று சொல்லியிருந்தேன். பிறகு எவனும் விற்கலாம் என்ற லைசென்ஸை நானே அதன்மேல் ஒட்டினேன். மறதியில் அல்ல. கேட்டால் மாட்டேன் என்பான் என்ற பயம். இரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லை.

சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்துக்கொண்டேதான் கடலூர் பஸ் ஏறினேன். அவன் ஒரு இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தான். லைசென்ஸைத் தமிழில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். படித்துக் காட்டினேன்.

"விக்கலாம்னு இருக்கே."

"ஆமா மச்சான். அன்னிக்கு நான் சொன்னது பொய்யாயிடுச்சு."

"நீ என்னிக்கு நெஜம் சொன்ன? என் ரெக்கார்டு நோட்டப் பாத்து எழுதிட்டு, வாத்தியார்கிட்ட என்னையே மாட்டி வுட்டவன்தான." கையைத் துடைத்தான். "வித்துட்டுப் போறான். அம்மன அழைக்கற அடி ஒண்ணு இருக்குல்ல, அத மட்டும் குத்துப்பாட்டுல போடக்கூடாதுன்னு எழுது. கையெழுத்து போடறேன்."

அதைத்தான் எழுத முடியாது. இதற்குப் பயன்படுத்தாதே என்று நிபந்தனை போட்டால் அது ஓப்பன் சோர்ஸே இல்லை.

"அப்டி எழுதுனா சேக்க மாட்டாங்க."

"அப்ப அந்த அடிய எடுத்துடு."

"எடுத்துடறேன். ஆனா ஏற்கெனவே டவுன்லோடு பண்ணவங்ககிட்ட இருக்கும். அத திருப்பி வாங்க முடியாது."

"அப்ப எதுக்குடா இப்ப வந்து கேக்கற?"

அனுமதிக் கடிதத்தில் அந்த அடியின் பெயரை வெட்டிவிட்டு நீட்டினேன்.

மற்ற ஆறு அடிகளுக்குக் கையெழுத்துப் போட்டான். கடிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பினேன். அந்த அடியை நீக்கி, காரணத்தையும் பயனர் குழுவுக்கு எழுதினேன். "பழைய பதிப்பில் இருக்கிறதே, உங்கள் லைசென்ஸ்படி அதையே வைத்துக்கொள்கிறோம்" என்று ஒருவர் பதில் போட்டார். என்னிடம் இல்லாத உரிமையை நான் கொடுத்திருந்தேன். அவரை என்ன சொல்லித் திட்டுவது?

சாஃப்ட்வேர் தொகுப்பில் சேர்ந்தது. குமரவேல் இன்றும் என்னோடு பேசுவான். புதிதாக எதையும் பதிவு செய்ய விட்டதில்லை.

இசை சாஃப்ட்வேர் எழுத வருகிறவர்களே, உங்கள் புரோகிராமைத் தாராளமாகத் திறந்துவிடுங்கள், அது உங்களுடையது. அடுத்தவர் வாசித்த ஒலி என்றால், மைக்கை வைப்பதற்கு முன்னால் லைசென்ஸை முழுதாகப் படித்துக் காட்டுங்கள். எதைச் சொன்னால் மறுப்பாரோ அதை முதலில் சொல்லுங்கள். மறுத்தால், மைக்கைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.