திண்டிவனம் வரை வந்த சத்தம்

காலை பதினொன்றரை மணிக்கு விழுப்புரம் கிழக்குப் பாண்டி ரோட்டிலிருந்து கிளம்பினோம். என் மகள் எஸ்தர் செவிலியர் வேலைக்காகக் கத்தார் போகிறாள். இரவு விமானம். மாலை ஏழு மணிக்குள் மீனம்பாக்கத்தில் இருந்தால் போதும். படுக்கையில் கிடக்கும் என் மாமனாரைத் தனியே விட முடியாது என்பதால் என் மனைவி வீட்டு வாசலிலேயே ஜெபம் செய்து அனுப்பிவிட்டாள். பின்சீட்டில் பெட்டிகள் இரண்டு. முன்சீட்டில் எஸ்தர். ஓட்டுவது நான்.

ஓட்டுவது நான் என்பதை ஏன் சொல்கிறேன் என்றால், இடது முழங்காலுக்குக் கீழே எனக்குச் செயற்கைக் கால். எஸ்தர் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு கரும்பு டிராக்டர் என்மேல் ஏறியதில் கால் போயிற்று. கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் பழைய ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்றைத் தேடி வாங்கினேன். அதில் இடது காலுக்கு வேலை இல்லை. யார் தயவும் இல்லாமல் நான் ஊர் ஊராகப் போய்வருவது அந்த வண்டியால்தான். மகளை விமான நிலையத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு போய் விடுவேன் என்று ஒரு மாதமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரை ஒரு குறையும் இல்லை. அங்கே வரிசையில் நிற்கும்போது கேட்டது. தகர டப்பாவில் நாலைந்து போல்ட்டைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அந்த மாதிரி. முதலில் பக்கத்து லாரி என்று நினைத்தேன். லாரி போன பிறகும் சத்தம் நிற்கவில்லை.

"நம்ம வண்டியா ப்பா?" என்றாள் எஸ்தர்.

கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். சத்தம் மாறியது. மறுபடி டிரைவில் போட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றால் கடகடவென்று பெருத்தது. சாவடியைத் தாண்டி வேகம் எடுத்ததும் மங்கிவிட்டது. அப்பாடா என்று இருந்தது. ஆனால் மங்கியதே தவிர போகவில்லை. ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டு இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கூட்டேரிப்பட்டில் இறங்கும்போது மணி பன்னிரண்டே கால். மயிலம் போகிற ரோட்டுப் பிரிவில் டீக்கடையை ஒட்டி ஒரு லாரி மெக்கானிக் இருந்தார். பெயர் ஏழுமலை. ஐம்பது வயது இருக்கும். பானெட்டைத் திறக்கச் சொல்லி, எண்ணெய் அளவு காட்டும் கோலை உருவிப் பார்த்தார். எண்ணெய் சரியாக இருந்தது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கச் சொல்லித் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மருத்துவமனையில் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்த டாக்டரின் முகத்தை அப்படித்தான் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

"பேரிங் போயிருச்சு மாதிரி தெரியுது சார். உள்ள தட்டுது. இஞ்சினை இறக்கணும்."

"இறக்கினா?"

"பழைய வண்டி. இஞ்சின் வேலைக்கு ஆவுற செலவுக்கு இன்னொரு பழைய வண்டியே வந்துரும்." என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டோ என்னவோ, அவரே தொடர்ந்தார். "நான் சொல்றதை முடிவா எடுத்துக்காதீங்க. ஆட்டோமேட்டிக் வண்டி வேலை நமக்குத் தெரியாது. திண்டிவனத்துல சலீம் பாய்னு ஒருத்தர் இருக்காரு. கோட்டக்குப்பத்துக்காரரு. சார்ஜாவுல ரொம்ப வருசம் இந்த வண்டிங்கதான் பார்த்துக்கினு இருந்தாரு. நம்பர் தர்றேன்."

போன் செய்தேன். சலீம் பாய் வளவளவென்று பேசவில்லை. ஆயில் லைட் எரிகிறதா என்றார். இல்லை. கியர் விழுகிறதா? விழுகிறது. நியூட்ரலில் சத்தம் மாறுகிறதா? மாறுகிறது.

"வண்டியைத் தூக்கிக்கினு வர்ற லாரி அனுப்பட்டுமாண்ணே? மூணு மணிக்குத்தான் கிடைக்கும்."

மூன்று மணிவரை அங்கே உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. திண்டிவனம் இன்னும் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர். மெதுவாக வந்துவிடுகிறேன் என்றேன். "நாற்பதைத் தாண்டாதீங்க. ஓரமாவே வாங்க. வழியில இழுவை நின்னுச்சுன்னா உள்ள உக்காந்துக்கினு இருக்காதீங்க, ஜல்தியா இறங்கிருங்க," என்றார்.

அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரை நான் மறக்க மாட்டேன். நான்கு வழிச்சாலையின் இடது ஓரம், எச்சரிக்கை விளக்கு மின்ன, நாற்பது கிலோமீட்டர் வேகம். ஆம்னி பஸ்கள் ஒலியெழுப்பிக்கொண்டு உரசுகிற மாதிரி கடந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது வண்டி ஆடியது. எஸ்தர் பக்கக் கண்ணாடியைப் பார்த்து, "பின்னாடி டேங்கர் ப்பா," "இப்ப காலியா இருக்குது," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு மேம்பால ஏற்றத்தில் வண்டி திணறி ஒரு உதறு உதறியது. என் கை ஸ்டியரிங்கில் வழுக்கியது. வியர்வை. எஸ்தர் தன் துப்பட்டாவால் என் உள்ளங்கையைத் துடைத்துவிட்டாள்.

ஒன்றே கால் மணிக்குத் திண்டிவனம். சென்னை ரோட்டில் ஒரு மரக்கடைக்கு அடுத்துத் தகரக் கொட்டகை போட்ட பட்டறை. சலீம் பாய் வெளியிலேயே நின்றிருந்தார். நாங்கள் திரும்பிய சத்தத்தைக் கேட்டே மரக்கடை ஆட்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

லாரி மெக்கானிக் சொன்னதை அவரிடம் சொன்னேன். "இருக்கலாம்," என்றார். "பேரிங் போனாலும் கியர்பாக்ஸ் பக்கம் ஏதாவது போனாலும் ஒரே மாதிரிதான் தட்டும். பிரிச்சுப் பார்க்காம கண்டுபிடிக்க ஒரு வழி இருக்குது."

இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்கு சிலிண்டர்களில் ஒன்றின் மின் இணைப்பைக் கழற்றினார். வண்டி நடுங்கியது. பேரிங் போயிருந்தால் அந்தச் சிலிண்டர் நிற்கும்போது தட்டல் குறைய வேண்டும் என்றார். குறையவில்லை. அதை மாட்டிவிட்டு அடுத்ததைக் கழற்றினார். குறையவில்லை. மூன்றாவதில் குறைந்த மாதிரி எனக்குத் தோன்றியது. அவருக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மூன்று தடவை கழற்றி மாட்டிப் பார்த்தார். இல்லை. நான்காவதிலும் இல்லை.

"இஞ்சின் இல்லண்ணே," என்றார். நான் ஒரு டயர்மேல் உட்கார்ந்தேன்.

பிறகு வண்டியைத் தூக்கி நிறுத்தி, நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை இஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். எஸ்தரையும் கேட்கச் சொன்னார். ஸ்டெதாஸ்கோப் பிடிக்கிறவள்தானே. முதலில் இஞ்சின் பக்கம், பிறகு சேருமிடம் என்று மாற்றி மாற்றி வைத்துக் கேட்டாள். "இங்கதான் கிட்டக்க கேக்குது ப்பா," என்று சேருமிடத்தைக் காட்டினாள்.

கிளட்ச் உள்ள வண்டியில் அந்த இடத்தில் கனத்த சக்கரம் ஒன்று சுற்றும், அதுதான் ஃப்ளைவீல். ஆட்டோமேட்டிக்கில் அதற்குப் பதிலாகத் தோசைக்கல் அகலத்தில் ஒரு மெல்லிய இரும்புத் தகடு. பட்டறைகளில் அதையும் ஃப்ளைவீல் என்றுதான் சொல்கிறார்கள். இஞ்சினின் சுழற்சி முழுவதும் அந்தத் தகடு வழியாகத்தான் கியர்பாக்ஸுக்குப் போகிறது.

"தகட்டுல போல்ட்டு லூஸா இருந்தா இப்பவே டைட் பண்ணி அனுப்பிருவேன்," என்றார் சலீம் பாய். "நீங்க தாராளமா ஏர்போர்ட் போவலாம்."

கீழ்மூடியைக் கழற்றினார். இஞ்சினைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு போல்ட்டாக ஸ்பேனர் போட்டு முறுக்கிப் பார்த்தார். ஒன்றாவது தளர்ந்திருக்காதா என்று நான் வேண்டிக்கொண்டேன். எல்லாம் கெட்டியாக இருந்தன. மணி இரண்டரை ஆகிவிட்டது.

கடைசியாக, போனோடு இணைக்கிற மெல்லிய கேமரா வயர் ஒன்றை எடுத்து இடுக்கில் விட்டார். போனை எஸ்தர் பிடித்துக்கொண்டாள். திரையில் கரிய இரும்பு, எண்ணெய்ப் பிசுக்கு, நடுவில் வட்டமாகப் போல்ட்டுகள்.

"அங்கயே நிறுத்துங்க பாய்," என்றாள். "முடி மாதிரி ஒண்ணு ஒட்டிக்கினு இருக்குது."

அவர் ஒரு கம்பியால் தகட்டை மெல்ல நெம்பினார். அந்த முடி வாய் திறந்தது. கம்பியை எடுத்ததும் மூடிக்கொண்டது. அது முடி இல்லை. ஒரு போல்ட்டிலிருந்து அடுத்த போல்ட்டுக்கு ஓடிய விரிசல்.

"பேஜாரு," என்றார் சலீம் பாய். பிறகு எனக்காகக் குரலை இறக்கி, "ஆனா வண்டி பொழைச்சுது. தகடு மாத்தினா போதும். கியர்பாக்ஸை இறக்கணும், சாமான் சென்னையிலேருந்து வரணும். நாலு நாள்."

"இப்படியே ஓட்டினா?"

"ஓடலாம். ஓடாமலும் போவலாம். அறுந்துச்சுன்னா இஞ்சின் ஓடும், சக்கரத்துக்கு ஒண்ணும் போவாது. எந்த இடத்துல அறுந்துக்கும்னு என்னால சொல்ல முடியாது."

விமான நிலையம் இன்னும் நூற்றுப் பத்து கிலோமீட்டர். பன்னிரண்டு கிலோமீட்டர் தாங்கியது, ஓரமாகவே போனால் இதுவும் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். வாய்விட்டும் சொன்னேன். "அம்பதுலயே போலாம். டைம் இருக்குது."

எஸ்தர் போனைச் சலீம் பாயிடம் கொடுத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"சரி, போறோம்னே வெச்சுக்கோ. நான் உள்ள போயிருவேன். திரும்பி வர்றது நீ மட்டும்தான ப்பா? ராத்திரியில இந்த ரோட்டுல வண்டி நின்னுச்சுன்னா நீ ஜல்தியா இறங்கிருவியா?"

என் காலைப் பற்றி அவள் அதுவரை ஒரு நாளும் பேசியதில்லை. அன்றும் அதன் பெயரைச் சொல்லவில்லை.

"நான் பிளேன்ல உக்காந்துக்கினு, நீ எந்த லாரி முன்னாடி நிக்கிறியோன்னு நினைச்சுக்கினே போவணுமா?"

சலீம் பாய் திரும்பி நின்று ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. அது அவள்மேல் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வண்டிச் சாவியை அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, டாக்சி நிறுத்தத்தில் தனக்குத் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டார். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். மூன்று மணிக்கு வண்டி வந்தது.

டாக்சியில் பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனையோ வருடங்களாக அவளோடு போகும்போதெல்லாம் நான் ரோட்டைத்தான் பார்த்திருக்கிறேன். ஒலக்கூர் பிரிவு தாண்டியது, அச்சரப்பாக்கம் மலை வந்தது, நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்மருவத்தூர் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாயை லேசாகத் திறந்து, சின்ன வயதில் தூங்கிய மாதிரியே. மதுராந்தகம் ஏரி முழுக்கத் தண்ணீர். எழுப்பிக் காட்டலாமா என்று நினைத்து, வேண்டாமென்று விட்டேன். செங்கல்பட்டு நெரிசலில் முக்கால் மணி நேரம் போயிற்று. டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த நெரிசல் இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று இருந்தது.

ஆறு ஐம்பதுக்கு இறங்கினோம். வாசலில் நிற்க நேரம் இல்லை. தள்ளுவண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, "பஸ்ல போ ப்பா, நின்னுக்கினு போவாத," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஐந்தாம் நாள் திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் போனேன். சலீம் பாய் பழைய தகட்டை எடுத்து வைத்திருந்தார். கையில் வாங்கி வளைத்தேன். நடுப்பகுதி வட்டமாகப் பெயர்ந்து என் மடியில் விழுந்தது. ஒரு விரல் அகல இரும்புதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"சென்னை வரைக்கும் ஓடியிருக்குமா பாய்?"

"தெரியாதுண்ணே," என்றார். "ஓடியிருக்கவும் கூடும்."

வண்டியை எடுத்துக்கொண்டு விழுப்புரம் திரும்பினேன். சுங்கச்சாவடி வரிசையில் டிரைவில் போட்டு பிரேக்கை மிதித்து நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. பின்னால் இருந்தவர் ஒலியெழுப்பும் வரை நின்று கேட்டேன். எஸ்தர் உட்கார்ந்திருந்த பக்கத்துச் சீட்டின் பெல்ட் கொக்கியில் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. கை நீட்டி அதை மாட்டிவிட்டுக் கிளம்பினேன்.