மழைக்குத் திறக்கும் வால்வு

சாயப்பட்டறையில் அவருக்குப் பட்டப்பெயர் 'மேகம்'. வானம் கறுத்தால் பட்டறையே அவர் முகத்தைத்தான் பார்க்கும். நாலு தடவை போட்டுவிட்டுத் தூக்கி எறிகிற சட்டைகளுக்குச் சாயம் ஏற்றும் இடம் அது. சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்ய மிஷின் இருந்தது. ஓட்டினால் கட்டுப்படியாகாது என்பார் முதலாளி. அதனால் கழிவைத் தொட்டியில் தேக்கிவைத்து, மழை வலுத்ததும் வால்வைத் திறந்து கால்வாயில் விட்டுவிடுவார்கள். மழையோடு மழையாகப் போனால் நிறம் தெரியாது. தூறலை நம்பித் திறந்தால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். எந்த மழை நின்று பெய்யும், எது ஏமாற்றும் என்று சொல்வதில் மேகத்தை அடிக்க ஆளில்லை. வால்வும் அவர் பொறுப்பு. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மகளைக் கட்டிக்கொடுத்தது அதே கால்வாயின் கீழ்க்கரையில். தெருவுக்கே ஒரு கிணறு. கால்வாய் நிரம்பினால் அதில் ஊறிவிடும். மேகம் வால்வைத் திறந்த கையோடு மகளுக்குப் போன் போடுவார்.

"குடத்தையெல்லாம் நிரப்பி வச்சுக்கம்மா. ரெண்டு நாளைக்குக் கிணத்துப் பக்கம் போகாத."

அவளுக்கு விஷயம் தெரியும். தெருவில் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அப்பாவின் பிழைப்பில் மண் விழுந்துவிடுமே. மழைக்காலத்தில் தெருப் பிள்ளைகள் எல்லாம் வாந்தியும் பேதியுமாகக் கிடக்கும். பேத்திக்கு மட்டும் ஒன்றும் வராது. கொடுத்துவைத்த பிள்ளை என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள். மேகம் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார். வெட்கங்கெட்ட சிரிப்பு.

அந்த முறை அவருக்குக் காய்ச்சல். போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். கூரையில் மழை கொட்டிய சத்தத்திலேயே இது நின்று பெய்யும் என்று தெரிந்துவிட்டது. வேறு எவனாவது திறப்பான், நமக்கென்ன என்று திரும்பிப் படுத்தார். அந்தப் போன் அவர் கையின் பழக்கம். வால்வைத் திருகினால்தான் கை போனுக்குப் போகும். அன்று திருகவில்லை, போனும் போடவில்லை.

மகள் போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். அப்பா கூப்பிடவில்லை என்றால் திறக்கவில்லை என்றுதானே அர்த்தம்? கிணற்றில் இறைத்துப் பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சினாள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், சாயம் சாகுமா?

மறுநாள் ஆஸ்பத்திரி வார்டில் பாதித் தெரு கிடந்தது. காய்ச்சலோடு ஓடிவந்த மேகம் பேத்தியின் பாதத்தைத் தொட்டார். சில்லென்று இருந்தது. டாக்டர் அதற்குள் கையை விரித்துவிட்டுப் போயிருந்தார்.

மகள் அழவில்லை. அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க போன் பண்ணலையேப்பா."

அடுத்த கட்டிலில் மகனை மடியில் கிடத்தியிருந்த பக்கத்து வீட்டுக்காரி திரும்பினாள்.

"என்ன போனு?"

அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.