சாலையின் வலது ஓரம்

ஓடியது நாங்கள் நான்கு பேர். அடிபட்டது ஓடாத என் அக்கா. இதை எங்கிருந்து சொல்லத் தொடங்கினாலும் கடைசியில் இங்கேதான் வந்து முட்டும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விளாங்குடியில் எங்கள் தெருக்காரர்கள் எங்களைக் கிறுக்கர்கள் என்றுதான் நினைத்தார்கள். விடியுமுன் அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு திண்டுக்கல் ரோட்டில் ஓடுகிற நடுவயது ஆண்களை வேறென்ன நினைப்பது? அக்காவின் கணவர், அதாவது என் மச்சான், இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்ப்பவர். சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது என்று டாக்டர் பயமுறுத்தியதில் நடக்க ஆரம்பித்து, நடையை ஓட்டமாக்கி, பிறகு ஓட்டத்தைத் தவிர வேறு பேச்சே இல்லாதவராக ஆகிப்போனார். அக்காவுக்கும் சர்க்கரை உண்டு, அவரைவிடக் கூடுதலாகவே. அவருக்கு ஓட்டம், அவளுக்கு மாத்திரை. மற்ற இருவரில் ஒருவர் பல் டாக்டர். எதையும் இணையத்தில் படித்துவிட்டு வந்து எங்களுக்குப் பாடம் எடுப்பவர். இன்னொருவர் ஜவுளிக்கடை அண்ணன், தொப்பைக்காகச் சேர்ந்தவர். ஒத்தக்கடையில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் நான், மச்சானைப் பார், மச்சானைப் பார் என்று வீட்டில் உயிரை எடுத்ததால் சேர்ந்தவன்.

தெற்கே கடலோர ஊர் ஒன்றில் மழைக்காலம் முடிந்ததும் ஓட்டப்பந்தயம் வைக்கிறார்கள் என்ற செய்தியைப் பல் டாக்டர்தான் கொண்டுவந்தார். இருபத்தொரு கிலோமீட்டர், கடலை ஒட்டியே பாதை. வெள்ளிக்கிழமை வேன் பிடித்துக் குடும்பத்தோடு கிளம்புவது, சனிக்கிழமை ஊர் சுற்றுவது, ஞாயிறு காலையில் ஓடிவிட்டு மீன் சாப்பாடு சாப்பிட்டுத் திரும்புவது என்று முடிவானது. அன்றிலிருந்து எங்கள் வாட்ஸப் குழுவில் வேறு எதுவும் வரவில்லை. எந்த ஷூ, எந்த சாக்ஸ், ஓட்டத்துக்கு முந்தின நாள் சோறா சப்பாத்தியா என்று மந்திரிசபை கூடியதுபோல விவாதித்தோம்.

மச்சான் கம்ப்யூட்டரில் எங்கள் பெயர்களைப் பதிந்துகொண்டிருந்தபோது அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அஞ்சு கிலோமீட்டர்னு ஒண்ணு போட்டிருக்குல்ல, அதுல என் பேரையும் போடுங்க” என்றாள். மச்சான் சிரித்தார், நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, மச்சான் அவள் பெயரையும் பதிந்தார். மிஷன் பள்ளிக்கூடமொன்றில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர் அவள். நாளெல்லாம் நின்றே கழிப்பவள், ஐந்து கிலோமீட்டர் அவளுக்கு ஒன்றும் மலையில்லை. மறுவாரம் தானே போய் ஒரு ஷூ வாங்கி வந்து, அழுக்காகிவிடும் என்று பெட்டியோடு பீரோவில் வைத்துவிட்டாள். புது ஷூவைப் பந்தயத்தன்று முதன்முதலாகப் போடக் கூடாது என்பது ஓடுகிறவர்கள் கற்றுக்கொள்ளும் முதல் பாடம். எங்களில் ஒருவரும் அதை அவளுக்குச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீண்ட ஓட்டம். விளாங்குடியில் கிளம்பி, பரவை, சமயநல்லூர் தாண்டி வாடிப்பட்டி வரைக்கும் ஓடி, அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் திரும்புவோம். நம் ஊரில் இருட்டிலும் வியர்வை கொட்டும், தண்ணீர் இல்லாமல் முடியாது. பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் தோள் கோணும் என்றார் பல் டாக்டர். அப்போதுதான் அக்கா, தான் ஸ்கூட்டரில் கூடவே வருவதாகச் சொன்னாள். தண்ணீர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, வாழைப்பழம் எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டு முன்னால் வைத்துக்கொள்வாள். வாரத்தில் அவள் தூங்கக்கூடிய ஒரே காலை அது. அதைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

முதலில் நாங்கள் இடது ஓரமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தோம். ஒருநாள் பின்னால் வந்த பஸ் ஒன்று ஜவுளிக்கடை அண்ணனின் முழங்கையை உரசாத குறையாகப் போனது. அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே பல் டாக்டர் விதியைக் கொண்டுவந்தார். ஓடுகிறவன் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓட வேண்டும், ஆகவே இனி வலது ஓரம்தான். எல்லா நாட்டிலும் அப்படித்தானாம். சரியான விதிதான், இன்றைக்கும் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். நான்கு வழிச் சாலையின் வலது பாதியில், மதுரையைப் பார்த்து வருகிற வண்டிகளுக்கு எதிர்முகமாக ஓட ஆரம்பித்தோம். ஸ்கூட்டர் இடது பாதியில்தானே வர முடியும்? ஆக, தண்ணீர் ஒரு பக்கம், குடிக்கிறவர்கள் மறுபக்கம். நடுவே அரளிச்செடி வைத்த மீடியன்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் எதிர்ப்பக்கம் நின்று கையை ஆட்டிக் கூப்பிட்டாள். நாங்கள் ஒவ்வொரு முறையும் சாலையைக் கடந்து போய்க் குடித்துவிட்டு, மறுபடி கடந்து வந்து ஓடினோம். வாடிப்பட்டி வந்து சேர்ந்ததும் மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். ரோட்டைக் கடக்க நின்று நின்று நேரமெல்லாம் போய்விட்டது, இப்படிப் பழகினால் பந்தயத்தில் தேற முடியாது என்று இட்லி முடியும்வரை புலம்பினார். பல் டாக்டரும் ஆமாம் போட்டார். அக்கா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அப்ப நீங்க நிக்காதீங்க. நானே அங்கிட்டு வாரேன்” என்றாள்.

வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. தொல்லை விட்டது என்றுதான் எங்களுக்கு இருந்தது. நான்கு பேரின் பாதுகாப்புக்காகப் போட்ட விதி, ஐந்தாவது ஆளை ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்கு வழிச் சாலையின் குறுக்கே நடக்கவிட்டது. இது எங்கள் நான்கு பேரின் மண்டையில் உறைக்கவே இல்லை. ஆளுக்கொரு ஒளிரும் பெல்ட் வாங்கியிருந்தோம், முதுகில் மாட்டிக்கொள்ளச் சிவப்பு விளக்கு வாங்கியிருந்தோம். அக்கா கருநீலச் சுடிதாரில், செருப்புக் காலோடு வருவாள். நாங்கள் ஓடியபடியே அவள் கையிலிருந்து பாட்டிலைப் பறித்துக் குடித்து, அவள் காலடியில் போட்டுவிட்டுப் போவோம். அவள் பொறுக்கிக்கொண்டு திரும்பக் கடந்து போய், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்களை முந்திச் செல்வாள். இரண்டு மாதம் இப்படியே நடந்தது.

பந்தயத்துக்குச் சில வாரங்கள் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமயநல்லூர் தாண்டி லேசாகப் பனி இறங்கியிருந்தது. மீடியனில் ஆட்கள் நடந்து நடந்து செடி செத்துப்போன ஓர் இடைவெளி வழியாக அக்கா வந்தாள். இரண்டு கையிலும் பாட்டில்கள். நிலக்கோட்டைப் பக்கமிருந்து பூ ஏற்றிக்கொண்டு மதுரை மார்க்கெட்டுக்கு அவசரமாக ஒரு வேன் வந்தது. எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடிதானே நாங்கள் ஓடினோம், அதனால் முழுவதையும் பார்த்தோம். வேனின் விளக்கு எங்கள் கண்ணில் அடித்தது, அதன் குறுக்கே அவள் வந்தாள். மச்சான் கத்தியது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவள் எங்களைப் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தாள்.

வலது கால்மேல் சக்கரம் ஏறியிருந்தது. பல் டாக்டர் தன் ஒளிரும் பெல்ட்டைக் கழற்றி அவள் தொடையில் இறுக்கிக் கட்டினார். வேன் டிரைவர் ஓடிப்போகவில்லை. தலையில் கைவைத்துக்கொண்டு, அந்தம்மா எங்கிருந்து வந்தார்கள் என்றே தெரியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆம்புலன்சுக்கு முதலில் போன் செய்தவரும் அவர்தான். ஓடிப்போயிருந்தால் திட்டுவதற்காவது எனக்கு ஓர் ஆள் கிடைத்திருப்பான்.

உயிருக்குப் பயமில்லை, தலையில் அடியில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கணுக்காலும் பாதமும் மிஞ்சுமா என்பதுதான் கேள்வி. எலும்பைச் சேர்த்துவிடலாம், ரத்த ஓட்டம் வர வேண்டும், சர்க்கரை வேறு இருக்கிறது, பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். அதன் பிறகு எங்கள் எல்லோருடைய நாளும் அந்தக் கால்விரல்களின் நிறத்தை வைத்துத்தான் விடிந்தது. வெளுத்திருந்தால் யாருக்கும் சோறு இறங்காது. கொஞ்சம் சிவந்திருந்தால் மச்சான் காபி வாங்கி வருவார். கட்டுப் பிரிக்கும்போது அவள் கத்தாமல் படுக்கைக் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். மச்சானைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அத்தனை நாளும் அவர் அவள் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துத்தான் படுத்தார். சவரம் செய்யவில்லை, ஷூவைத் தொடவில்லை. ஒருநாள் லிஃப்ட் பக்கத்தில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுததை நான் பார்த்தேன்.

பந்தய வாரம் வந்தது. இரண்டாவது ஆபரேஷன் நன்றாக நடந்ததாகச் சொன்னார்கள். விரல்கள் சிவந்திருந்தன, டாக்டரே சிரித்தார். புதன்கிழமை ஜவுளிக்கடை அண்ணன் ஆப்பிளோடு வந்தார். பந்தயத்துக்குப் போகும் வேனில் மச்சானுக்கு இடம் அப்படியே இருக்கிறது, வந்தால் மனசு லேசாகும் என்றார். மச்சான் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டார். அக்காதான் பேச்சை எடுத்தாள்.

“ஒரு வருசமா ஒழச்சிருக்காரு. இங்கன உக்காந்து என் மூஞ்சியப் பாத்து என்ன செய்யப் போறாரு? போயிட்டு வரட்டும்.”

எனக்கு என் அக்காவைத் தெரியும். சின்ன வயதில் கடைசி முறுக்கை என் பக்கம் தள்ளி, எனக்கு வேண்டாம் நீ தின்னு என்பாள். நான் தின்றுவிட்டால் இரண்டு நாள் பேச மாட்டாள். அவள் போ என்றால் போகாதே என்று அர்த்தம். இது அவளோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவருக்குத் தெரியாதா? மச்சான் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். அந்தக் கணத்தில் அவர் கண்ணில் ஓடிய ஆசையை நான் கண்டுவிட்டேன். வெளியே வராந்தாவில் அவரை நிறுத்தி, போகப் போகிறீர்களா என்று கேட்டேன். அவளே சொல்கிறாள், ஞாயிறு ராத்திரி திரும்பிவிடுவேன் என்றார். நான் வரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

சனிக்கிழமை மத்தியானம் அங்கிருந்து போட்டோ வந்தது. கடலைப் பின்னால் வைத்து, நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டைகள் இரண்டைக் கையில் பிடித்திருந்தார் மச்சான். ஒன்று அவருடையது, மற்றது அக்காவுடையது. அவள் என் போனை வாங்கி, இரண்டு விரலால் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். “பேரு சரியாத்தேன் போட்டிருக்காங்க” என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். சாயங்காலம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

ஞாயிறு விடிந்தபோது விரல்கள் கறுத்திருந்தன. நர்ஸ் கட்டைப் பிரித்ததும் அறையில் ஒரு வாடை. டாக்டர் வேகமாக வந்தார், பார்த்தார், என்னை வெளியே கூப்பிடவில்லை. அவள் எதிரிலேயே சொன்னார். விஷம் மேலே ஏறுகிறது, இப்போதே எடுத்தால் முழங்கால் தப்பிக்கும், மத்தியானம் வரை காத்திருந்தால் அதற்கும் உறுதியில்லை. வீட்டுக்காரர் கையெழுத்துப் போடட்டும் என்று நர்ஸ் தாளோடு வந்தாள்.

நான் மச்சானுக்குப் போன் செய்தேன், அணைந்திருந்தது. மற்ற இருவருடையதும் அப்படியே. பந்தயத்தில் நிற்கிறவர்கள் போனைப் பையில் போட்டு, பையை ஒப்படைத்து டோக்கன் வாங்கிக்கொண்டுதான் தொடக்கக் கோட்டுக்குப் போவார்கள். எவ்வளவு பாரம் குறைந்தாலும் லாபம் என்று நாங்கள் பேசி வைத்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தேன். வேறென்ன செய்வதென்று எனக்குத் தோன்றவில்லை.

“போதும்டா தம்பி, அடிக்காத. முடிச்சிட்டுத்தேன் எடுப்பாரு” என்றாள் அக்கா.

தம்பி போட்டாலும் போதும் என்றார் டாக்டர். நர்ஸ் பேனாவை என்னிடம் நீட்டினாள். வாங்கினேன். தாளில் எந்த இடம் என்றே கண்ணுக்குத் தெரியவில்லை. அக்கா கையை நீட்டினாள்.

“இங்கன குடு. என் காலுதான? நானே போடுறேன்.”

தலையணையைத் தூக்கி வைக்கச் சொன்னாள். சாப்பாட்டுத் தட்டின்மேல் தாளை வைத்து, பள்ளிக்கூடத்து மார்க் கார்டில் போடுவதுபோல ஒவ்வோர் எழுத்தாக நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். தேதி வேண்டுமா என்று நர்ஸிடம் கேட்டு அதையும் எழுதினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரத்தில் வழிந்ததை நான் துடைக்கப் போனபோது தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தி நெடுநேரம் கழித்து என் போன் அடித்தது. மச்சான்தான். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, பின்னால் மைக்கில் யாரோ பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். நினைத்ததைவிடச் சீக்கிரமே முடித்துவிட்டதாகச் சொன்னார். அக்காவிடம் போனைக் கொடு, அவளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றார்.

“காலை எடுத்துக்கிட்டிருக்காங்க மச்சான்” என்றேன்.

மைக்கில் அடுத்த பெயரை வாசித்தார்கள்.

“என்னயக் கேக்காம யாரு மாப்ள கையெழுத்துப் போட்டா?” என்றார்.

“அக்காதேன் போட்டுச்சு” என்றேன்.